கைத்துப்பாக்கித் தோட்டாவின் முழுநீளம்: ஓர் அளவின் வரலாறு

9 மி.மீ. லூகர் தோட்டாவின் முழுநீளம் 29.69 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது, 1926இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைத்த தரநிர்ணயக் கழகமான 'சாமி'. சுட்டு முடித்த பித்தளை உறைகளில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றுவோர் பலர் இதைப் பாதுகாப்பின் எல்லையாகவே படிக்கிறார்கள். ஆனால் தோட்டா மேகசினுக்குள் நுழையுமா, துப்பாக்கியின் அறையில் அமருமா என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. பெரிய ஆபத்து எதிர்த் திசையில், நீளம் குறையும்போது வருகிறது. இந்த நிலை கறுப்பு வெடிமருந்து போய்ப் புகையிலா மருந்து வந்தபோது உருவானது.

1873இன் .45 கோல்ட் தோட்டாவில் ஏறக்குறைய 40 கிரெய்ன் கறுப்பு மருந்து உறையை நிறைத்தது. குண்டு மருந்தின் மேலேயே அமர்ந்தது. அதை இன்னும் ஆழமாக இறக்க உள்ளே இடமே இல்லை. 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கி வடிவக் கருவியால் வீட்டிலேயே தோட்டா ஏற்றியவர்கள் நீளத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாததற்கு இதுவே காரணம். மருந்தின் அளவு சரியாக இருந்தால் நீளமும் தானே சரியாக அமைந்தது.

அதே 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையிலா மருந்தைக் கண்டுபிடித்தார். கறுப்பு மருந்தின் சிறு பங்கே அதே வேலைக்குப் போதும் என்றானதும் உறைக்குள் வெற்றிடம் தோன்றியது. நூற்றாண்டின் இறுதியில் வந்த .38 ஸ்பெஷல், கறுப்பு மருந்துக்கென அளந்த நீண்ட உறையோடே புது மருந்துக்கு மாறியது. இன்றும் அதன் உறையில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது. குண்டு சற்று ஆழமாக இறங்கினாலும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1902இல் கேயார்க் லூகர் வடிவமைத்த 9 மி.மீ. தோட்டாவோ புகையிலா மருந்துக்கென்றே பிறந்தது. அதன் உறை 19.15 மி.மீ. மட்டுமே. அதில் மருந்துக்கு எஞ்சும் இடம் மிகக் குறைவு என்பதால் குண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கினாலே கணிசமான பங்கு போய்விடுகிறது. மருந்து எரியத் தொடங்கும் இடம் சுருங்கினால் அழுத்தம் அதே விகிதத்தில் ஏறி நின்றுவிடாது. அழுத்தம் கூடக் கூட மருந்து இன்னும் வேகமாக எரியும். அது அழுத்தத்தை மேலும் ஏற்றும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு குண்டு தயாரிக்கும் ஸ்பியர் நிறுவனம் தோட்டா ஏற்றுவோருக்கு வெளியிட்ட கையேடு தந்த ஒரு சோதனை முடிவு பெயர்பெற்றது. செம்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்கும் பழைய முறையில் 28,000 அலகு காட்டிய 9 மி.மீ. தோட்டா, குண்டை வேண்டுமென்றே 0.76 மி.மீ. ஆழமாக இறக்கியதும் 62,000 காட்டியது. அந்த அளவையில் இத்தோட்டாவுக்கு அனுமதித்த உச்சம் 33,000. மருந்தில் ஒரு கிரெய்ன்கூடக் கூட்டாமல் வந்த ஏற்றம் இது.

ரிவால்வரின் கதை வேறு. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்தை வெளியிட்டபோது, பழைய .38 துப்பாக்கிகளில் அது நுழைந்துவிடாதபடி உறையை ஏறத்தாழ 3 மி.மீ. நீட்டியது. நீளத்தையே பூட்டாக்கிய அரிய முடிவு. ஆனால் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் நீண்ட மூக்குடைய ஈயக் குண்டை அந்தப் புது உறையில் வழக்கம்போலப் பொருத்தினால், அந்நிறுவனத்தின் சிலிண்டருக்கு வெளியே நுனி நீட்டியது. இதனால் சிலர் மேக்னம் அளவு மருந்தைக் குட்டையான .38 உறையிலேயே ஏற்றத் தொடங்கினார்கள். எந்தத் தவறைத் தடுக்க உறை நீண்டதோ, அதற்கே அது வழிகாட்டியது!

1990இல் வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூவின் நீளத்தைத் தீர்மானித்தது துப்பாக்கியின் கைப்பிடி என்றே சொல்லலாம். எஃப்.பி.ஐ. தன் 10 மி.மீ. தோட்டாவின் வேகத்தைக் குறைத்ததும் நீண்ட உறை தேவையற்றுப் போனது. உறையை வெட்டி, 9 மி.மீ. துப்பாக்கியின் மேகசினுக்குள் அடங்கும்படி முழுநீளத்தை 28.83 மி.மீ.க்குள் நிறுத்தினார்கள். 180 கிரெய்ன் குண்டு அதில் ஆழமாக இறங்கியே ஆகவேண்டும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றி இறக்கும் பழக்கம் இங்கே குறிப்பாக ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் அறைக்கு இட்டுச் செல்லும் சரிவில் முட்டிக் குண்டு உள்ளே நழுவக்கூடும்.

முழுநீளம் குண்டின் நுனியிலிருந்து அளக்கப்படுகிறது. அழுத்தத்தைத் தீர்மானிப்பதோ அதன் அடிப்பாகம். கூர்நுனிக் குண்டும் தட்டைநுனிக் குண்டும் ஒரே முழுநீளத்தில் இருந்தாலும் உறைக்குள் வெவ்வேறு ஆழத்தில் நிற்கும். ஆகவேதான் இன்றைய கையேடுகள் தோட்டாவின் பெயருக்கு அல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனி நீளம் தருகின்றன. நீளம் கூடினாலும் சிக்கல் உண்டு: குண்டின் தோள் குழலின் உட்புற வரிகளில் முட்டி நிற்கும், அழுத்தம் அங்கும் ஏறும். அதனால் ஏற்றுபவர் துப்பாக்கியின் குழலைக் கழற்றி, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றை அதில் போட்டுப் பார்க்கிறார். தானாக விழுந்து அமர்ந்து, தடையின்றிச் சுழன்று, கவிழ்த்ததும் வெளியே வந்தால் அந்த நீளம் அந்தக் குழலுக்குப் பொருந்தும். கையேட்டின் நீளத்தைவிடக் குறைவாக வைத்தால்தான் அமரும் என்றால், கையேட்டின் மருந்தளவு அந்தத் தோட்டாவுக்கு இனிச் செல்லாது.