சிங்கப்பூர்த் தமிழரின் இரும்பு மிகையும் ஐரோப்பிய மரபணுச் சோதனையும்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஐம்பது வயதுத் தமிழர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர். இரத்தப் பரிசோதனையில் அவருடைய ஃபெரிட்டின், அதாவது இரும்பைச் சேமிக்கும் புரதம், லிட்டருக்கு 620 மைக்ரோகிராம் என்று வருகிறது. ஆண்களுக்கு அது 300ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பாடநூல்கள் முன்வைக்கும் காரணங்களில் ஒன்று மரபுவழி இரும்பு மிகை. அதற்கு வழக்கமாகச் செய்யப்படும் சோதனை, எச்எஃப்இ மரபணுவில் சி282ஒய், எச்63டி என்ற இரு மாற்றங்களைத் தேடுகிறது. சி282ஒய் இல்லை என்று அறிக்கை வந்தால் அவருக்கு நிம்மதி. எச்63டி இருக்கிறது என்று வந்தால் கவலை. இந்த நிம்மதிக்கும் கவலைக்கும் போதிய அடிப்படை இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மிகுதியான இரும்பை வெளியேற்றுவதற்கென மனித உடலில் தனி வழி எதுவும் இல்லை. வளர்ந்தவரின் உடலில் இருப்பது 3 முதல் 4 கிராம் இரும்பு. நாள்தோறும் உணவிலிருந்து ஏறுவது 1 முதல் 2 மில்லிகிராம். ஆகவே கட்டுப்பாடு முழுவதும் குடலில், உள்ளே வரும் இடத்திலேயே நடந்தாக வேண்டும். அதைச் செய்வது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற 25 அமினோ அமிலச் சிறு புரதம். உயிரணுவிலிருந்து இரும்பை இரத்தத்துக்குள் விடுவது ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அதைப் பற்றிக்கொண்டு அழியச் செய்கிறது என்பதை எலிசபெத்தா நெமெத், தாமஸ் கான்ஸ் குழுவினர் 2004இல் காட்டினார்கள். மரபுவழி இரும்பு மிகையின் பெரும்பாலான வகைகள் இந்த இணையின் கோளாறுகளே: ஹெப்சிடின் போதுமான அளவு சுரப்பதில்லை, அல்லது சுரந்தாலும் ஃபெரோபோர்ட்டின் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

எச்எஃப்இ மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டது. அதன் புரதத்தில் 282ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் டைரோசினாக மாறினால் ஒரு கந்தகப் பிணைப்பு அறுபடுகிறது. புரதம் உயிரணுவின் மேற்பரப்பை எட்டாமல் உள்ளேயே தங்கிவிடுவதால், இரும்பு நிறைந்துவிட்டது என்ற செய்தி ஹெப்சிடின் மரபணுவுக்குச் சரியாகச் சேர்வதில்லை. வடஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவர் இந்த மாற்றத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். அவர்கள் எல்லோருமே நோயாளிகள் ஆவதில்லை என்றாலும், அங்கே இச்சோதனை பொருளுள்ளது.

இந்தியாவில் நிலைமை வேறு. சண்டிகரில் நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சி282ஒய் தென்படவில்லை, எச்63டி தென்பட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கையிலிருந்து வருகிறது. ரோஷெட்டும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் எச்63டி மூன்று புதிய மரபுத்தொடர்களிலும் (சேர்ந்தே கடத்தப்படும் மரபணுக் குறிகளின் வரிசைகள்) சி282ஒய் ஒரு புதிய மரபுத்தொடரிலும் காணப்பட்டன. இவை ஐரோப்பியக் கலப்பால் வந்தவை அல்ல, தீவிலேயே தனியாகத் தோன்றியவை என்பது அவர்கள் முடிவு. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஈசூன், செம்பவாங் வட்டாரத்துத் தமிழரில் பலரது முன்னோர் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாண வழியினரும் சிங்கப்பூரில் உண்டு. ஆகவே ‘இந்தியருக்கு சி282ஒய் வராது’ என்று அடித்துச் சொல்வதும் பிழை. அது ஒன்றையே தேடுவது அதைவிடப் பெரிய பிழை.

எச்63டி இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக உள்ள பழைய மாற்றம். அதை மட்டும் வைத்து ஒருவருக்கு இரும்பு மிகை நோய் என்று சொல்ல இடமில்லை. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2022 வழிகாட்டியும் இந்தத் திசையில்தான் நிற்கிறது.

அப்படியானால் 620 என்ற எண்ணை எப்படிப் படிப்பது? மரபணுவுக்குப் போகுமுன், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் நிறைவு விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். அது 45ஐத் தாண்டாமல் ஃபெரிட்டின் மட்டும் கூடியிருந்தால், கொழுப்பேறிய கல்லீரல், நீரிழிவு, மது, அழற்சி ஆகியவையே பெரும்பாலும் காரணம். சிங்கப்பூர் இந்தியரிடம் நீரிழிவு சீனரைவிட அதிகம் என்பதைத் தேசியக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நம் ஈசூன்காரரின் விழுக்காடு 28 என்றால் முதலில் கவனிக்க வேண்டியவை அவருடைய இடுப்பளவும் சர்க்கரையும்தான். ஆனாலும் ஒரு விலக்கு உண்டு. ஃபெரோபோர்ட்டின் மரபணுவான எஸ்எல்சி40ஏ1 செயலிழக்கும் வகையிலும் ஃபெரிட்டின் உயர்ந்து, விழுக்காடு இயல்பாகவே இருக்கும். பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்பதால் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் ஃபெரிட்டின் கூடியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இந்த வகை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று.

சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் கேள்வி பரம்பரைச் சோகையான தலசீமியாவை நோக்கித் திரும்ப வேண்டும். முதிராமல் மடியும் சிவப்பணு முன்னோடிகள் எரித்ரோஃபெரோன் என்ற இயக்குநீரைச் சுரந்து ஹெப்சிடினை அடக்குகின்றன. இது 2014இல் விளங்கிய செய்தி. இரத்தம் ஏற்றிக்கொள்ளாத தலசீமியா நோயாளியின் உடலிலும் இரும்பு சேர்வதற்கு இதுவே காரணம். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய தேசியத் தலசீமியாப் பதிவகம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இயங்குகிறது. அப்படியிருந்தும், சோகை என்றதும் ஃபெரிட்டின் பாராமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அது கைவிடப்பட வேண்டும்.

எதிர்த்திசைக் கோளாறும் நம்மைத் தொடுவது. டிஎம்பிஆர்எஸ்எஸ்6 மரபணு ஹெப்சிடினுக்குத் தடை போடுவது. அது பழுதானால் ஹெப்சிடின் மிகுந்து, மாத்திரைக்கு மசியாத சோகை வருகிறது. 2008இல் விளக்கப்பட்ட இந்நோய் அரிது. ஆனால் அதே மரபணுவின் பரவலான மாற்றங்கள் ஹீமோகுளோபின் அளவைச் சற்றே ஏற்றியிறக்குகின்றன என்று 2009இல் லண்டனில் ஜான் சேம்பர்ஸ் குழு கண்டது. அவ்வாய்வில் ஐரோப்பியரோடு இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். சேம்பர்ஸ் இப்போது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியில் ஹீலியோஸ் என்ற மக்கள்நல ஆய்வை வழிநடத்துகிறார்.

நம்மிடம் தேட வேண்டிய மாற்றங்கள் ஐரோப்பியருடையவற்றிலிருந்து வேறுபடுவதால்தான் சிங்கப்பூரின் மரபணுத் தரவு மதிப்புமிக்கது. 2019இல் வெளியான 4,810 பேரின் முழு மரபணுத் தொகுப்பில் 1,127 பேர் இந்தியர். மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினருக்குத் தரவில் கால் பங்குக்குச் சற்றே குறைவான இடம். ஆயினும் ‘இந்தியர்’ என்ற ஒரே பெயருக்குள் தமிழரும் மலையாளியும் சிந்தியும் பஞ்சாபியும் அடங்குகிறார்கள். இரும்பைக் கட்டுப்படுத்தும் எச்ஜேவி, டிஎஃப்ஆர்2, ஹெப்சிடின் மரபணு போன்றவற்றில் வரும் அரிய மாற்றங்களை இனங்காண ஆயிரம் பேர் போதாது. தேசிய மரபணுத் திட்டத்தில் தமிழர் பெருமளவில் சேர வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தற்செயலாகத் தெரியவந்தாலும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டிய மரபணுக்கள் என அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த பட்டியலில் எச்எஃப்இ 2021இல் சேர்ந்தது. அதுவும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த இரட்டைப் படி சி282ஒய்க்கு மட்டும். அந்த அளவுகோலை அப்படியே இங்கு எடுத்தாளக் கூடாது. டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விழுக்காடு மீண்டும் மீண்டும் 45ஐத் தாண்டி, கல்லீரலில் இரும்பு சேர்ந்திருப்பதை எம்ஆர்ஐ காட்டினால், தமிழ் நோயாளிக்கு இரும்பு மரபணுக்கள் அனைத்தையும் தேடும் முழுத் தொகுதிச் சோதனை தேவை. அதில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ‘மூலக்கூறு காரணம் தெளியாத வகை’ என்ற பிரிவை 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாடே ஏற்கிறது. ஒருமுறை இரத்தம் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். எந்த மரபணு பழுதானாலும், சோகை இல்லாதவருக்கு அது பொதுவாகப் பயன்படும் மருத்துவம். ஆய்வகங்களிடம் என் வேண்டுகோள்: ‘சி282ஒய் இல்லை’ என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும் ‘பிற இரும்பு மரபணுக்கள் சோதிக்கப்படவில்லை’ என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.