வியூபோர்ட், லேஅவுட் (ஆட்டோகேட்)

கணினியில் வரைந்த பொருளைக் குறிப்பிட்ட ஸ்கேலில் தாளின்மேல் காட்டும் சட்டம் வியூபோர்ட். இத்தகைய சட்டங்களும் ஓரக்கோடும் டைட்டில் பிளாக்கும் சேர்ந்து அச்சுக்கு ஆயத்தமான தாள் லேஅவுட். பொருளை வரையும் வெளி மாடல் ஸ்பேஸ், தாள் இருக்கும் வெளி பேப்பர் ஸ்பேஸ். இந்தப் பிரிவு பெரிதும் பரவியது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் வழியாகத்தான்.

முன்வரலாறு: ஐவன் சதர்லண்ட் 1963இல் எம்.ஐ.டி. ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில், 7 அங்குலத் திரை பெரியதொரு தாளின் சிறு பகுதியையே காட்டியது. படத்தை ஏறத்தாழ 2000 மடங்கு பெரிதாக்கலாம் என்பதால், அந்தக் கற்பனைத் தாளின் பக்கம் சுமார் கால் மைல். 1985இல் ஐ.எஸ்.ஓ. தரமான ஜி.கே.எஸ். என்ற கணினி வரைகலை நெறி, படத்திலிருந்து எடுக்கும் பகுதியை விண்டோ என்றும், அது போய் விழும் இடத்தை வியூபோர்ட் என்றும் வேறுபடுத்தியது.

பேப்பர் ஸ்பேஸுக்கு முன்: 1982 டிசம்பரில் வெளியான ஆட்டோகேடில் ஒரே வெளிதான். கட்டடத்தை அதன் முழு அளவில் வரைவார்கள். அதனால் தாளைத்தான் ஊதிப் பெரிதாக்க வேண்டியிருந்தது. 1:100 ஸ்கேலுக்கு, 841 × 594 மி.மீ. உள்ள ஏ1 தாளின் ஓரக்கோடு கட்டடத்தைச் சுற்றி 84 மீட்டர் நீளத்துக்கு நின்றது. தாளில் 2.5 மி.மீ. உயரம் வரவேண்டிய எழுத்தை 250 மி.மீ. உயரத்தில் எழுதினார்கள். அதே தாளில் படிக்கட்டின் விவரம் 1:10இல் வேண்டுமானால், அந்தப் பகுதியை நகலெடுத்துப் 10 மடங்கு பெரிதாக்கி, டைமென்ஷன் மட்டும் உண்மை அளவைச் சொல்லும்படி டிம்எல்ஃபேக் மாறிக்கு 0.1 கொடுப்பார்கள். படி ஒன்றின் உயரம் மாறினால் திருத்தம் இரண்டு இடத்தில். ஓரிடத்தை மறந்தால் ஒரே தாள் இரண்டு கதை சொல்லும்.

1988இல் வந்த ரிலீஸ் 10, திரையை ஓடு பதித்தாற்போல் பல வியூபோர்ட்டுகளாகப் பிரித்தது. அவை பார்வைக்கு மட்டுமே.

ரிலீஸ் 11 (1990): டைல்மோட் என்ற மாறியை 0 ஆக்கினால் பேப்பர் ஸ்பேஸ் திறந்தது, திரை மூலையில் எக்ஸ், ஒய் திசைகளைக் காட்டிய குறி முக்கோணமானது. எம்வியூ கட்டளையால் தாளில் சட்டம் வெட்டலாம். உள்ளே நுழைய எம்ஸ்பேஸ், வெளியேற பிஸ்பேஸ். மி.மீ.இல் வரைந்தவர்கள் ஜூம் கட்டளையில் 1/50எக்ஸ்பி (தாளின்மீது 1/50 மடங்கு) என்று கொடுத்தால் சட்டத்துக்குள் 1:50. தாளின் அலகு மி.மீ. என்பதால், மீட்டரில் வரைந்தவர்கள் அதே ஸ்கேலுக்கு 1000ஐ 50ஆல் வகுத்து 20எக்ஸ்பி கொடுத்தார்கள். விபிலேயர் கட்டளை ஒரு லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை, ஒரு சட்டத்தில் மட்டும் உறையவைத்து மறைத்தது. பொருள் ஒன்று, பார்வைகள் பல. ஒருமுறை திருத்தினால் எல்லாச் சட்டங்களிலும் திருந்தியது.

ஆயினும் ஒரு கோப்புக்கு ஒரே தாள்தான். சட்டங்களும் செவ்வகம் மட்டுமே. சட்டத்தின் கோடு அச்சில் விழாமலிருக்க, பலர் அதை டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போட்டார்கள். டைமென்ஷன் போட்டவுடன் தானே உருவாகும் அந்த லேயர் அச்சில் வருவதில்லை. வேறொரு வேலைக்காகப் பிறந்த லேயர் இப்படி ஒரு தலைமுறை வரைவாளர்களுக்குக் கைகொடுத்தது. 1999இல் ஆட்டோகேட் 2000 எந்த லேயரையும் அச்சிலிருந்து விலக்கும் வசதி தந்த பின்னும் இப்பழக்கம் முற்றாகப் போகவில்லை.

அதே பதிப்பில் ஒரு கோப்புக்குள் பல லேஅவுட் தாவல்கள், பலகோண வடிவச் சட்டங்கள், பேஜ் செட்டப் ஆகியவை வந்தன. சட்டத்தைப் பூட்டும் வசதி குறிப்பிடத்தக்கது: பூட்டாத சட்டத்துக்குள் சுட்டியின் சக்கரத்தை அறியாமல் உருட்டினால் ஸ்கேல் கெட்டுவிடும்.

டைமென்ஷன் எங்கே: இதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. மாடல் ஸ்பேஸில் போட்டால் அளவு பொருளோடேயே இருக்கும் என்பது ஒரு தரப்பு; ஆனால் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி லேயர் வேண்டியிருந்தது. தாளில் போட்டால் எழுத்து எங்கும் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது மறுதரப்பு. ஆனால் சட்டத்துக்குள் படம் நகர்ந்தால் அளவுக்கோடு அந்தரத்தில் நின்றது. ஆட்டோகேட் 2002, தாளிலுள்ள அளவை மாடலின் பொருளோடு பிணைத்தது. 2007இல் வெளியான ஆட்டோகேட் 2008, ஸ்கேலுக்கேற்ப உருமாறும் அனோட்டேட்டிவ் எழுத்தைத் தந்தது. இவற்றால் வாதம் தணிந்தது எனலாம். முடிந்தது எனக் கூற இயலாது.

பிற்காலம்: ஆட்டோகேட் 2005இல் பல கோப்புகளின் தாள்களை ஒரே தொகுதியாக்கும் ஷீட் செட் மேனேஜர் சேர்ந்தது. பிற வரைவு மென்பொருள்களில், மைக்ரோஸ்டேஷன் வி8 ஷீட் மாடல் என்ற பெயரில் இதையொத்த ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. ரெவிட்டில் பார்வையைத் தாளின்மேல் இழுத்துவிட்டாலே வியூபோர்ட் உருவாகிறது.