பழைய துப்பாக்கியின் சாட்சியம்



ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் மலிந்து விளங்குகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலம் கேட்ட ஓசையோ பீரங்கியின் முழக்கம். 1791ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கும்பினிப் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் தளபதியின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. பேட்டையை அது பிடித்தது. மலைக்கோட்டையைப் பிடிக்க இயலாது திரும்பியது. மறு ஆண்டில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாரமகால் கும்பினியார் வசமாயிற்று.

போர் நடந்த நாட்டில் பழைய ஆயுதம் எது தென்பட்டாலும், ‘இது திப்பு சுல்தான் காலத்தது’ என்று சொல்லத் தோன்றுவது மனித இயல்பு. அப்பொருள் உண்மையில் எக்காலத்தது? பிறந்தபடியே நம்மிடம் வந்து சேர்ந்ததா? இடையில் எவரேனும் மாற்றி அமைத்தனரா? இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையைப் பழைய ராணுவ ரிவால்வர் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இன்று ஆராய்வோம். பழம்பொருள் திரட்டுவோர் ‘அசல்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பெரும்பொருள் கொடுக்கின்றனர். வரலாறு கற்போருக்கும் அச்சொல்லின் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும்.

முதற் சோதனை காலச் சோதனை. ரிவால்வர் என்பது தோட்டாக்களைத் தாங்கிய உருளை ஒன்று சுழன்று, ஒவ்வொரு அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும் அமைப்புடைய கைத்துப்பாக்கி. இத்தகைய முயற்சிகள் முன்பே சிற்சில இடங்களில் நிகழ்ந்ததுண்டு. எனினும், அதனைப் பெருவழக்கிற்குக் கொண்டுவந்தது அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் பெற்ற காப்புரிமையே. திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்ததோ 1799 மே 4ஆம் நாள். அவருடைய வீரர் ஏந்தியவை தீத்திரியாலும் சிக்கிமுக்கிக் கல்லாலும் வெடிக்கும் துப்பாக்கிகள். ஆகவே, உலோகத் தோட்டா இடும் ரிவால்வர் ஒன்றைக் காட்டி, ‘இது திப்புவின் படைத்தலைவர் வைத்திருந்தது’ என்று ஒருவர் கூறுவாராயின், துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கும் முன்னரே அக்கூற்றைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது சோதனை எழுத்துச் சோதனை. பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளிடையே வழங்கிய ரிவால்வர்களில் புகழ்பெற்றது வெப்லி. பிரிட்டிஷ் ராணுவம் அதன் முதல் வகையை 1887இல் ஏற்றது; ஆறாம் வகையை, முதல் உலகப் போரின் நடுவே, 1915இல் ஏற்றது. ஆறாம் வகையின் குழல் 6 அங்குல நீளம். தோட்டாவின் அளவுப் பெயர்.455 அங்குலம். அதன் சட்டத்தில் வகையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அரசின் உடைமை என்பதற்கு அடையாளமாக அகன்ற அம்புக்குறி ஒன்றும் காணப்படும். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நின்றால், அரசு அதனைப் படைப் பணியினின்று நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்த சோதனைச் சாலையின் முத்திரைகளும் உண்டு. ஒரு முத்திரை நாட்டையும், மற்றொன்று உடைமையையும், பிறிதொன்று விற்பனையையும் தெரிவிக்கின்றன. கல்வெட்டைப் படிப்பது போலவே இவற்றையும் வரிசை தவறாமல் படித்தல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணின் ஒற்றுமை. துப்பாக்கியின் சட்டத்தில் உள்ள வரிசை எண்ணே குழலிலும் உருளையிலும் காணப்படுதல் முறை. மூன்றும் ஒத்திருப்பின், அம்மூன்றும் ஒருசேரப் பிறந்து ஒருசேர வாழ்ந்தன எனலாம். வேறுபட்டிருப்பின், ஏதோ ஒரு காலத்தில் ஓர் உறுப்பு மாற்றப்பட்டது என்பது தெளிவு.

நான்காவது சோதனையில், ஓசூர் வட்டாரத்து இளைஞர்களுக்கு மற்றவரினும் கண் கூர்மை மிகுதியாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. சிப்காட் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை பழகியவர், கடைசல் பிடித்த இரும்புக்கும் சாணை பிடித்த இரும்புக்கும் உள்ள வேற்றுமையை விரலால் தடவியே சொல்லிவிடுவர். ஆலையிலிருந்து வெளிவந்த துப்பாக்கியின் விளிம்புகள் கூர்மையாகவும், எழுத்துக்கள் ஆழமாகவும் இருக்கும். பிற்காலத்தில் எவரேனும் மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கியிருந்தால், விளிம்புகள் மழுங்கும். எழுத்துக்களின் கரைகள் கரையும். துளைகளின் வாய் அகன்று பள்ளமாகும். அதன்மேல் எவ்வளவு அழகாகக் கருநீலச் சாயம் ஏற்றினாலும் இக்குறைகள் மறையா. உறையில் உராய்ந்து குழல் முனையில் நிறம் தேய்ந்திருப்பது இயற்கை. கைப்பிடி தேய்ந்து வழவழப்பாயிருக்க, இரும்பு மட்டும் நேற்றுச் செய்ததுபோல் மின்னுமாயின், ஐயுறவு கொள்ளல் வேண்டும்.

இனி, சிந்தனைக்குரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். மாற்றம் அடைந்த பொருள் எல்லாம் போலியா?

வெப்லிக்குப் பின்னர், 1932இல் பிரிட்டிஷ் படை .38 அளவுடைய என்ஃபீல்டு இரண்டாம் எண் ரிவால்வரை ஏற்றது. அதன் சுத்தியின் பின்புறம், கட்டைவிரலால் இழுப்பதற்கு வசதியாகக் கொம்பு போன்ற நீட்டம் ஒன்று இருந்தது. கவச வண்டிகளில் பணியாற்றிய வீரர் ஏறி இறங்குகையில் அந்நீட்டம் அங்கங்கே சிக்கிக்கொண்டது என்பர். எனவே 1938இல் அந்நீட்டம் இல்லாத வகை வந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகள் பலவும், பழுதுபார்க்க வந்தபொழுது, படையின் பட்டறைகளிலேயே புதிய வகைக்கு மாற்றப்பட்டன. இதனால் நீட்டம் சிதையாத முதல் வகை அருமைப்பட்டது. அருமைப்பட்ட பொருளுக்கு விலை ஏறும். விலை ஏறுமிடத்தில் வஞ்சகமும் நுழையும். மாற்றப்பட்ட துப்பாக்கியில் நீட்டமுள்ள வேறொரு சுத்தியைப் பொருத்தி, ‘முதல் வகை, அசல்’ என்று விற்க முனைவாரும் உண்டு.

எது உண்மை, எது பொய் என்று இங்கே கேட்டுப் பார்ப்போம். 1930களின் ஆண்டு பொறித்த துப்பாக்கியில் நீட்டமற்ற சுத்தி இருப்பது குறையன்று. போர்த் தேவை கருதிப் படையே செய்த மாற்றம் அது. அத்துப்பாக்கியின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயம். பழைய வடிவம் போலத் தோன்றவேண்டும் என்று பிற்காலத்தார் பொருத்திய சுத்தியே பொய். தோற்றத்தில் பழையது பொய்யாகவும், மாறியது மெய்யாகவும் அமைவது வியப்பன்றோ! பிறந்த வடிவம் மாறாதிருத்தல் மட்டுமே அசல் அன்று. தனக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லுதலே அசல் என்பது என் துணிபு.

வேறொரு மாற்றமும் உண்டு. படைப் பணி முடிந்து அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற வெப்லி துப்பாக்கிகள் பலவற்றில், அந்நாட்டில் எளிதிற் கிடைத்த .45 தோட்டா பொருந்துமாறு உருளையின் பின்முகத்தைச் சீவிவிட்டனர். இது வணிகர் செய்த மாற்றம். சீவிய இரும்பை மீண்டும் ஒட்ட இயலாது. இதனையும் மறைக்காது சொல்லி விற்பவர் நேர்மையாளர். மறைப்பவர் வரலாற்றையும் சீவியவர் ஆவார்.

பொருளைப் பற்றிய சோதனைகள் முடிந்த பின்னும் ஒரு வினா எஞ்சும். இதனை ஏந்தியவர் யார்? இதற்கு இரும்பு விடை சொல்லாது, ஆவணம் சொல்லவேண்டும். 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று ஏறத்தாழ 1.4 கோடி பவுனுக்கு விலைபோயிற்று. சீரங்கப்பட்டணத் தாக்குதலை நடத்திய டேவிட் பேர்டு என்னும் தளபதிக்குப் படையினர் அவ்வாளைப் பரிசளித்தனர் என்ற செய்தியும் அதனுடன் வந்தது. அத்தொடர்ச்சி இல்லையேல் அது நல்ல வாள் என்ற அளவிலேயே நின்றிருக்கும். ‘தாத்தா சொன்னார்’ என்பது சான்றின் தொடக்கம், அதுவே முடிவாகாது. பணிப் பதிவேடு, கடிதம், நாளிட்ட நிழற்படம் ஆகியவற்றோடு பொருந்தினால்தான் அது வரலாறாகும்.

இங்கே சட்டத்தையும் கூறியாக வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பழமை ஒன்றே விலக்குத் தராது. பழுதுபார்த்தும் சுட இயலாத நிலையிலுள்ள பழம்பொருளுக்கே அச்சட்டத்தில் விலக்கு உண்டு. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அச்சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். வரலாற்று ஆசிரியன் எந்த எழுத்தைக் காக்க விரும்புகிறானோ, அதே எழுத்தைச் சட்டமும் காக்கிறது. ஆதலின், வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ இத்தகைய பொருள் தென்பட்டால், மாணவர்கள் அதனைத் தொடாமல் பெரியோரிடம் சொல்லுதல் வேண்டும். பெரியோர் காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். எண்ணெய் தேய்த்து உப்புத்தாளால் துலக்குவது எவர்க்கும் தகாது. ஆயுதங்களைப் பார்த்துக் கற்க விரும்புவோர்க்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதங்களை அங்கே காணலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல்வெளிகளில் நடுகற்கள் பல நிற்கின்றன. வீரன் கையில் ஏந்திய வில்லையும் வாளையும், மேலே வெட்டிய எழுத்தையும் கொண்டே அறிஞர் அவற்றின் காலத்தைக் கணிக்கின்றனர். கோயில்களில் கல்லைத் தூய்மை செய்கிறோம் என்று மணலை வீசி அடித்ததில் எழுத்துக்கள் அழிந்து போனதுண்டு. கல்லுக்குச் செய்த அத்தீங்கும் துப்பாக்கியை மெருகேற்றுவோன் செய்யும் தீங்கும் ஒன்றே. இருவர் நோக்கமும் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் சாட்சி வாய் திறக்கும் முன்னரே அதன் நாவை அறுத்துவிடுகின்றனர். ஆகவே, இளைஞர்களே, பழம்பொருள் ஒன்றைக் காணும்பொழுது அதனைத் துலக்கக் கையை நீட்டாதீர்கள். அதன் வடுக்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். படித்ததை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள்.