பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் 46ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பொதுக் கட்டிடங்களில் சாய்வுப்பாதை போட வேண்டும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஏற்றபடி கழிப்பறைகளை மாற்ற வேண்டும் என்றது அது. ஆனால் முதல் வரியிலேயே அரசு தப்பித்துக்கொள்ள ஒரு சந்து விட்டிருந்தார்கள்: பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டுச் செய்யலாம். அதாவது காசிருந்தா பாப்போம். பந்தி முடிஞ்சு மிஞ்சினா போடறோம், அதுவரைக்கும் வெளியே நில்லு என்று நமக்குச் சொன்ன அதே பேச்சு.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1993இல், உலர் கக்கூசுகளையும் மலம் அள்ளும் வேலையையும் தடைசெய்கிற சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்ததே 1997 ஜனவரி 26இல்தான். கழுவுகிறவரைப் பற்றி ஒரு சட்டம், உள்ளே போக முடியாதவரைப் பற்றி இன்னொரு சட்டம். முதலாவதை தலித் இயக்கங்கள் பேசின, இரண்டாவதை ஊனமுற்றோர் சங்கங்கள் பேசின. இரண்டும் ஒரே அறையைப் பற்றியவை என்பதை எங்க சின்னம்மா வீட்டில்தான் நான் பார்த்தேன்.

சின்னம்மாவுக்குப் பொதுக் கக்கூசில் துப்புரவு வேலை. அவள் மகனுக்குப் போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது, கையூன்றித் தவழ்ந்துதான் போவான். அந்தக் கக்கூசுக்கு மூன்று படி. படி ஏறினால் ஊரார் மூத்திரம் தேங்கிய தரை. அதில்தான் கை வைக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. விடியறதுக்கு முன்னாடி சின்னம்மா போய்த் தரையைக் கழுவிவிட்டு, திரும்பி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவன் சோறே தின்னமாட்டான். டீக்கடையில் அவனுக்குத் தண்ணீரை மேலேயிருந்து கையில் ஊற்றுவார்கள். சாதிக்காகவா, தரையில் ஊன்றிய கைக்காகவா என்று அவன் கேட்டதில்லை. "நான் செத்தா இவன் எங்கடா போவான்?" என்று சின்னம்மாதான் கேட்பாள்.

2014இல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது. கிராமத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்கு மேலே இருந்தாலும் அந்தப் பணத்துக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற கூலிகள், உடல் ஊனமுற்றோர் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். பட்டியலில் சேர்த்தார்கள், சரி. சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமாவது வேண்டுமே! அதே 12,000இல் கட்டின அறைக்குள் நல்ல காலுள்ளவனே ஒடுங்கித்தான் உட்கார வேண்டும்.

2016இன் புதிய சட்டத்தில், கட்டிடங்களைப் பற்றிய பிரிவுகளிலிருந்து பொருளாதாரச் சக்தி என்ற பேச்சு போனது. பழைய பொதுக் கட்டிடங்களை மாற்ற 5 ஆண்டு கெடு. அது 2022 ஜூனோடு முடிந்தது. அளவு, உயரம் பற்றிய விதிகளையோ வெறும் பரிந்துரையாக வைத்திருந்தார்கள். பார்வையற்ற ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கில், இது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது.

விதி கட்டாயமானால் ஒப்பந்தக்காரர் படியை இடித்துச் சரிவு போட்டுவிடுவார், கம்பியும் வைத்துவிடுவார். தண்ணீர்க் குழாய்க்கும், அந்தத் தரையைத் தினம் கழுவுகிறவரின் நிரந்தரச் சம்பளத்துக்கும், அவர் கையுறைக்கும் காசு எந்தக் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்து நாம் இப்போதே கேட்க வேண்டும்.