தோற்பூச்சும் விஞ்ஞானச் சான்றும்: ரெற்றினோயிக் அமிலத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அழகுசாதனப் பொருள்களின் விளம்பரங்களில் 'விஞ்ஞான முறையில் நிறுவப்பட்டது' என்னுந் தொடர் இன்று பெருவழக்காகக் காணப்படுகின்றது. இதனை முற்றிலும் பொய்யெனத் தள்ளுதலும் முற்றிலும் மெய்யெனக் கொள்ளுதலும் பொருந்தா. பரிசோதனையொன்றின் முடிவு, பரிசோதிக்கப்பட்ட பொருள், அதன் செறிவு, பயன்படுத்திய காலம், ஒப்பீட்டுக்கெனக் கொள்ளப்பட்ட பொருள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டது. இவற்றுள் ஒன்று மாறினும் அம்முடிவை அப்படியே எடுத்தாளுதல் இயலாது. தோற் சுருக்கத்துக்கான பூச்சு மருந்துகளுள் வலுவான சான்றுடையதெனக் கருதப்படும் ரெற்றினோயிக் அமிலத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

இவ்வரலாற்றின் பின்னணியாக அமைந்தது ஐக்கிய அமெரிக்காவின் சட்டமாகும். அந்நாட்டின் 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டத்தில் அழகுசாதனப் பொருள்கள் இடம்பெறவில்லை. 1930களில் 'லாஷ் லூர்' என்னும் இமைச்சாயத்தாற் பெண்கள் சிலர் பார்வையிழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய நிகழ்ச்சிகள் எழுப்பிய கண்டனத்தின் விளைவாக 1938இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அழகுசாதனப் பொருள்களையும் உள்ளடக்கிற்று. உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றுதற்கெனக் கருதப்படுவது மருந்து. தோற்றத்தை அழகுபடுத்தற்கெனக் கருதப்படுவது அழகுசாதனப் பொருள் என அச்சட்டம் வகுத்தது. மருந்து விற்பனைக்கு வருமுன் அரசின் அனுமதி பெறுதல் வேண்டும். அழகுசாதனப் பொருளுக்கோ பயனை முன்கூட்டி நிறுவவேண்டிய கடப்பாடு இல்லை. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பாதுகாப்புக்கான ஆதாரத்தைக் கோரிய போதிலும் இந்நிலையை மாற்றவில்லை. 'சுருக்கங்களை நீக்கும்' என்னாது 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்' என விளம்பரங்கள் கூறுவதன் காரணம் இதுவேயாகும்.

விற்றமின் ஏயின் அமில வடிவமே ரெற்றினோயிக் அமிலம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோல்நோய்ப் பேராசிரியர் அல்பேட் கிளிக்மனும் அவர்தங் குழுவினரும் முகப்பருவுக்கு இது பயன்படுவதை 1969இல் வெளியிட்டனர். 1971இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதனைப் பயன்படுத்திய வயது முதிர்ந்த பெண்கள் சிலர் தம் தோல் மென்மையுற்றதாகக் கூறினர். இக்கூற்றுக்களைப் பின்பற்றி நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாக, வெயிலாற் பழுதுற்ற தோலில் அதன் விளைவு பற்றிய கட்டுரை 1986இல் வெளிவந்தது.

1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைக் கட்டுப்பாட்டு முறையிற் பரிசோதித்தனர். முப்பது பேர் 16 வாரங்கள் அதில் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் ஒரு முன்கையில் மருந்துக் களிம்பையும் மறு முன்கையில் மருந்து கலவாத வெறுங் களிம்பையும் பூசினர். முகத்தில் 15 பேர் மருந்தையும் 15 பேர் வெறுங் களிம்பையும் பூசினர். மருந்து பூசிய முன்கைகள் அனைத்தும், 15 முகங்களுள் 14உம் முன்னேற்றங் காட்டின. வெறுங் களிம்பு பூசிய இடங்களில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள எக்களிம்பும் வறண்ட தோலைச் சிறிது காலத்துக்கு மென்மையாக்கும் ஆதலால், இவ்வொப்பீடே ஆய்வின் உயிர்நிலை எனலாம்.

எனினும் ஒரு குறையையும் இங்குச் சுட்டுதல் தகும். மருந்து பூசியோருட் பெரும்பாலார்க்குத் தோல் சிவந்து எரிச்சலுற்றது. எனவே மருந்து எது, வெறுங் களிம்பு எது என்பது பங்குபற்றியோர்க்கும் ஆய்வாளர்க்கும் வெளிப்பட்டிருத்தல் கூடும். பிற்கால ஆய்வுகளும் பயனை உறுதிப்படுத்தியதன் பின்னரே, 1995இல் 0.05 சதவீதக் களிம்பொன்று நுண்சுருக்கங்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அப்போதும், அது சுருக்கங்களை முற்றாக நீக்காது, வெயிலால் விளைந்த முதுமையை மீட்காது என்னும் எச்சரிக்கை அதன் குறிப்பேட்டில் இடம்பெற்றது.

இவ்வமிலம் பெற்ற நற்பெயர் பின்னர் அதன் இனப் பொருள்களுக்கும் பரவிற்று. ரெற்றினோல் தோலினுள் இரு படிகளில் மாற்றமடைந்தே அமிலமாகும். அன்றியும் ஒளியிலும் காற்றிலும் சிதைவுறும் இயல்பினது. அதற்கும் சான்று இல்லாமலில்லை. 2007இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வொன்றில் சராசரி வயது 87 ஆகிய 36 முதியோரின் மேற்கைகளில் 0.4 சதவீத ரெற்றினோல் 24 வாரங்கள் பூசப்பட்டு, நுண்சுருக்கங்கள் குறைந்தமை காணப்பட்டது. ஆயின் செறிவு குறிப்பிடாத புட்டியொன்று இச்சான்றைத் தனக்குரியதாக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

அழகுசாதனப் பொருளொன்று கடும் பரிசோதனைக்கு உட்பட்ட நிகழ்ச்சியும் உண்டு. பிரித்தானியாவின் பூட்ஸ் நிறுவனப் பூச்சொன்றினை மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 60 பேரிற் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதத்தின் பின் பூச்சைப் பயன்படுத்தியோருள் 43 சதவீதத்தினரும், வெறுங் களிம்பினருள் 22 சதவீதத்தினரும் முன்னேற்றங் காட்டினர். முதற் குழு தன் தொடக்க நிலையினின்றும் குறிப்பிடத்தக்க அளவு மாறிற்று, இரண்டாவது மாறவில்லை என்பது ஆய்வாளர் வாதம். புள்ளிவிபரவியலாளர் மாட்டின் பிளாண்ட் இதனை மறுத்தார். ஒவ்வொரு குழுவையும் அதன் தொடக்கத்தோடு ஒப்பிடாது, இரு குழுக்களையும் நேரே ஒப்பிடவேண்டும் என்றும், அவ்வாறு ஒப்பிடின் வேறுபாடு தற்செயலன்று எனத் துணிய இயலாது என்றும் அவர் காட்டினார். இவ்விடத்தில் பிளாண்டின் கூற்றே வலிதென்பது எமது கருத்து.

எண்களைக் கடந்த வினாவொன்றும் எஞ்சியுள்ளது. கிளிக்மனின் ஆய்வுக்களம் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையாகும். 1951 முதல் 1974 வரை அங்குக் கைதிகள் சிறுதொகைப் பணத்துக்காகத் தம் தோலைப் பரிசோதனைக்கு அளித்தனர். ரெற்றினோயிக் அமிலம் மட்டுமன்றி, டயொக்சின் போன்ற கொடிய நச்சுப் பொருளும் அவர்களிற் பரிசோதிக்கப்பட்டது. தமக்கு யாது பூசப்படுகின்றது என்பதைப் பலர் அறியார். அவர்களுட் கறுப்பினத்தவர் பெருந்தொகையினர். 1998இல் அலன் ஹோர்ன்பிளம் எழுதிய நூல் இவ்வரலாற்றைப் பரவலாக வெளிக்கொணர்ந்தது. 2000இல் முன்னாட் கைதிகள் தொடுத்த வழக்குக் காலங்கடந்ததெனத் தள்ளப்பட்டது. பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2021இலும் பிலடெல்பியா நகராட்சி 2022இலும் மன்னிப்புக் கோரின. அதற்குள் பாதிக்கப்பட்டோருட் பலர் இறந்துவிட்டனர்.

இதுகாறும் கூறியவற்றால், 'நிறுவப்பட்டது' என்னுஞ் சொல்லைக் காணுந்தோறும் சில வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது என்பது பெறப்படும். பரிசோதிக்கப்பட்டது விற்கப்படும் இதே பொருளா? செறிவும் காலமும் யாவை? எதனோடு நேரே ஒப்பிடப்பட்டது? எவருடைய உடலில், அவர்தம் எத்தகைய இசைவோடு அது நிகழ்ந்தது? முதல் மூன்று வினாக்களுக்கு விடை காணின் வாங்குவோர் பணம் வீணாகாது. நான்காவது வினா எழுப்பப்படாமையாலேயே ஹோம்ஸ்பேர்க்கில் இருபத்துமூன்று ஆண்டுகள் பரிசோதனை நிகழ்ந்தது.