மில்டனின் வரிகளுக்கு டிரைடன் கட்டிய வால்

1658-ல் ஆலிவர் கிராம்வெல்லின் இறுதி ஊர்வலத்துக்கான அரசு அலுவலர் பட்டியலில் மூன்று கவிஞர்களின் பெயர்கள் இருந்தன: ஜான் மில்டன், ஆண்ட்ரூ மார்வெல், ஜான் டிரைடன். இரண்டே வருடங்களில் காட்சி மாறியது. 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏற, டிரைடன் உடனே மன்னரை வரவேற்றுக் கவிதை எழுதினார். ஏற்கனவே கண்பார்வை இழந்திருந்த மில்டனோ தலைமறைவானார். அவருடைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன. கொஞ்ச காலம் சிறையிலும் இருந்தார். தலை தப்பியதே பெரிது!

1642-லிருந்து மூடிக்கிடந்த நாடக அரங்குகளும் 1660-ல் திறந்தன. பிரெஞ்சு ரசனை கொண்ட மன்னருக்குப் பிடித்த மாதிரி, வீர நாடகங்கள் ஈரடி ஈரடியாக இயைபில் எழுதப்பட்டன. (தமிழ் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும், இது வரியின் கடைசியில் ஒலிப்பது.) அதில் கைதேர்ந்தவர் டிரைடன். 1668-ல் அரசவைக் கவிஞரும் ஆனார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' வெளிவந்திருந்தது. முன்பணம் ஐந்து பவுண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், ஆனால் இயைபு கிடையாது. வாசகர்கள் குழம்பியதால் 1668-ல் ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்கப்பட்டது. இயைபு ஒரு அடிமைத்தளை, அதிலிருந்து கவிதையை விடுவித்திருக்கிறேன் என்பது அதன் சாரம். தோற்றுப்போன ஒரு குடியரசுவாதி 'விடுதலை' என்று எழுதினால் அது வெறும் யாப்பிலக்கண விஷயமாக இருக்குமா என்ன?

இந்தக் காவியத்தைத்தான் இசை நாடகமாக்க ஆசைப்பட்டார் டிரைடன். அதுவும் இயைபு போட்டு! அனுமதி கேட்டு மில்டனிடமே போனார். அப்போது பட்டுக் கயிற்றின் நுனியில் தொங்கும் உலோக முனையைப் போல, தன் வரிகளுக்கு வால் கட்டிக்கொள்ள மில்டன் சம்மதித்தார் என்று ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். பெருந்தன்மையா, கிண்டலா? கிண்டல்தான் அதிகம் என்று தோன்றுகிறது. 1674-ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு மார்வெல் எழுதிய வாழ்த்துக் கவிதையும் இந்த வால் கட்டும் வேலையைக் கேலி செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேலியே இயைபோடுதான் எழுதப்பட்டது.

அதே 1674 நவம்பரில் மில்டன் இறந்தார். டிரைடனின் நாடகம் 1677-ல் அச்சானது; மேடை ஏறவே இல்லை.

ஆனால் 1675-லேயே டிரைடனுக்கு இயைபு அலுத்துவிட்டது. அப்போது உயிரோடு ஆண்டுகொண்டிருந்த நம் ஔரங்கசீப்பை நாயகனாக்கி ஒரு நாடகம் எழுதியவர், அதன் முன்னுரைப் பாடலிலேயே இந்தச் சலிப்பை ஒப்புக்கொண்டார். அடுத்து ஆண்டனி, கிளியோபாட்ரா கதையைக் கையில் எடுத்தபோது இயைபை விட்டுவிட்டார். பார்க்கத்தான் மில்டன் இல்லை.