விழிவில்லை வந்த வழி



மதுரையின் மாட்டுத்தாவணி, முன்னாளில் மாட்டுச் சந்தை கூடியமையால் அப்பெயர் பெற்ற இடம். இன்று அது பெரும் பேருந்து நிலையம். பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு அங்கே இறங்கும் முதியோரைக் காணும்போதெல்லாம் பழைய நிகழ்ச்சியொன்று என் நினைவுக்கு வரும். என் வகுப்பு மாணவன் ஒருவன் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் வினவினேன். "தாத்தாவுக்குக் கண் தெரியாது, ஐயா. நான்தான் கோல் பிடித்து அழைத்துப் போக வேண்டும்" என்றான். முதியவரின் கண்ணை மறைத்த புரை, சிறுவனின் கல்வியையும் மறைத்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1949-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி, புரை நீக்கிய கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்களில் தைத்த பிளாஸ்டிக் துணுக்குகள் தீங்கின்றித் தங்கியிருந்தமையே அவருக்கு வழிகாட்டிற்று. பின்னர் அம்முறை செல்வ நாடுகளில் பரவியது. ஆனால் வில்லையொன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஆகவே நம் ஏழைகளுக்குப் புரையை அகற்றித் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுப்பதே வழக்கமாயிற்று. அக்கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தி பிடிக்கப் பயின்றவர் அவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே வசதியற்றோர்க்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் முறையை வகுத்தார். ஒருவருக்கு அறுவை முடியும் வேளையில், அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். இதனால் மருத்துவரின் நேரம் வீணாகவில்லை, செலவும் குறைந்தது.

எனினும் வில்லையின் விலை குறையவில்லை. அதனை நாமே செய்தால் என்ன என்ற துணிவில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் எழுந்தது. விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று. அதன் பொருள்கள் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன.

இலண்டனில் பிறந்த அறிவு மதுரை ஏழையின் கண்ணை அடைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மாணவர்களே, ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிப் படிக்கும்போது, அது பிறந்த ஆண்டை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். ஏழையின் வீட்டுக்கு என்று வந்தது என்பதையும் கேளுங்கள். அந்த இடைவெளியைக் குறைப்பது உங்கள் தலைமுறையின் கடமை.